சென்னை வெயிலில் தோலைக் காப்பது எப்படி: கிரீம் கடைசியில்தான்

கோடை தொடங்கும் நேரத்தில் எங்கள் சைட்டுக்கு எப்படியும் இரண்டு மூன்று பேர் புதிதாக வந்து சேர்வார்கள். சிறுசேரிப் பக்கம் கட்டுகிற அடுக்குமாடி, சுற்றிலும் மரம் மட்டை எதுவும் கிடையாது. பையில் ஒரு சன்ஸ்கிரீன் டியூப், உடம்பில் அரைக்கைச் சட்டை, தலையில் கம்பெனி கொடுத்த ஹெல்மெட், இவ்வளவுதான் அவர்கள் ஏற்பாடு. பத்தாம் நாள் பார்த்தால் பின்கழுத்தில் காலர் பட்டாலே துடிக்கிறார்கள். "அண்ணா, எஸ்.பி.எஃப் 50 போட்டேன், வேலையே செய்யலை" என்று டியூபைத் திட்டுவார்கள் (எஸ்.பி.எஃப் என்பது கிரீம் வெயில் எரிச்சலை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண்). பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

செய்கிற வரிசைதான் தப்பு. முதலில் நேரம், அடுத்து நிழல், அப்புறம் துணி, இதையெல்லாம் தாண்டி வெயில் படுகிற இடத்துக்கு மட்டும் கிரீம். கூடவே மாதம் ஒருமுறை தோலைப் பார்க்கிற வேலை ஒன்று இருக்கிறது, அதை யாருமே செய்வதில்லை. நான் டாக்டர் இல்லை. வெயிலில் நின்று சம்பாதிக்கிறவன், தோல் டாக்டர்களிடம் கேள்வி கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவன், அவ்வளவுதான்.

1. முதலில் உங்களுக்கு ஆபத்து எவ்வளவு என்று பாருங்கள்

"ஸ்கின் கேன்சரெல்லாம் வெள்ளைக்காரனுக்கு வர்றது" என்று சிலர் சொல்வார்கள். சிலர் இணையத்தில் எதையோ படித்துவிட்டு, பிறந்ததிலிருந்து இருக்கும் மச்சத்தைத் தடவித் தடவிப் பார்த்துப் பயப்படுவார்கள். இரண்டுமே சரியில்லை.

இந்தியாவில் வரும் புற்றுநோய்களில் தோல் புற்றுநோய் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நம் தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை மேலேயே தடுத்துவிடுகிறது. ஆனால் முழுதாகத் தடுப்பதில்லை. நன்றாகக் கருத்த தோலுக்கு இயல்பாக இருக்கும் பாதுகாப்பே சுமார் எஸ்.பி.எஃப் 13 அளவுதான், மாநிறத்துக்கு அதைவிடக் குறைவு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1992-லேயே சூரியக் கதிரைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

கூடுதல் கவனம் தேவைப்படுகிறவர்கள் சிலர் உண்டு: அல்பினிசத்தோடு (தோலில் நிறமி இல்லாமலோ மிகக் குறைவாகவோ) பிறந்தவர்கள், கிட்னி மாற்று சிகிச்சை செய்துகொண்டு எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், உடம்பில் பழைய தீக்காயத் தழும்போ ஆறாத புண்ணோ இருப்பவர்கள், ஏற்கெனவே ஒருமுறை தோல் புற்றுநோய் வந்தவர்கள். வெண்புள்ளி உள்ளவர்களுக்கு அந்தத் திட்டுகளில் நிறமியே இல்லாததால் சீக்கிரம் எரிந்துவிடும். மாத்திரையையும் பாருங்கள். பருவுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின், பி.பி. மாத்திரைகள் சிலவற்றில் இருக்கும் ஹைட்ரோகுளோரோதயாசைடு இரண்டும் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் "நான் வெயிலில் வேலை பார்க்கிறேன்" என்று சொன்னால் போதும்.

இந்தப் பட்டியலில் இல்லாதவருக்குப் புற்றுநோயைவிட மங்கு, கருமை, சீக்கிரம் விழும் சுருக்கம், கண்ணில் சதை வளர்வது இவைதான் பெரும்பாலும் வரும். எல்லாவற்றுக்கும் செய்ய வேண்டியது ஒன்றேதான் என்பதால், எதற்குப் பயந்து செய்தாலும் பலன் உண்டு.

2. வெயிலுக்கு முன் வாங்க வேண்டியவை

முழுக்கைப் பருத்திச் சட்டை இரண்டு, நெருக்கமாக நெய்தது. சுற்றிலும் மூன்று அங்குலம் விளிம்புள்ள தொப்பி, ஹெல்மெட் போடுகிறவர் என்றால் ஒரு மெல்லிய துண்டு. கறுப்புக் குடை. யு.வி. 400 என்று போட்ட கூலிங் கிளாஸ் (யு.வி. என்றால் புற ஊதாக் கதிர்). இத்தனையும் வாங்கிவிட்டு மிச்சப் பணத்தில் சன்ஸ்கிரீன் வாங்குங்கள்.

ஏன் இந்த வரிசை என்றால், சட்டை ஒரு வருஷம் உழைக்கும், டியூப் மூன்று வாரத்தில் தீரும். அதைவிட முக்கியம், சட்டையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிப் போட வேண்டியதில்லை.

3. நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்காதீர்கள், காலடியில் பாருங்கள்

உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் புற ஊதாக் கதிர் குறைவு, உங்களைவிடக் குட்டையாகிவிட்டால் அதிகம். கருவி எதுவும் தேவையில்லாத இந்தக் கணக்கைத்தான் புது ஆட்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பேன்.

சென்னைக்கு இதைப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருக்கும். ஏப்ரல் கடைசியில் காலை ஒன்பது மணி வாக்கிலேயே நிழல் குட்டையாகிவிடுகிறது, மதியம் மூன்று தாண்டித்தான் மறுபடி நீள்கிறது. மார்கழியில்கூடப் பத்தேகால் வாக்கிலிருந்து இரண்டு மணி வரை குட்டைதான். நாம் இருப்பது 13 டிகிரி அட்சரேகையில், சூரியன் வருஷத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும், நேராக நம் உச்சந்தலைக்கு மேலேயே வந்து நிற்கும். அன்றைக்கு நடுப்பகலில் நட்டுவைத்த கம்பிக்கு நிழலே விழாது, சைட்டில் நாங்கள் இதை வேடிக்கையாகப் பார்ப்போம்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டது என்றதும் விட்டுவிடுகிறார்கள், ஆகஸ்டில் சூரியன் மறுபடி தலைக்கு மேல் வருவது யார் ஞாபகத்திலும் இருப்பதில்லை. மதியம் கடற்காற்று இறங்கியதும் "அப்பாடா" என்று சட்டைக் கையை மடித்துவிடுவார்கள், காற்று வியர்வையைத்தான் ஆற்றும், கதிரை ஒன்றும் செய்யாது. மேகம் போட்டாலும் அப்படியே. மெல்லிய மேகம் என்றால் கதிரில் 80 சதவீதம் வரை கீழே வந்துவிடும்.

போனில் வானிலை ஆப் இருந்தால் யு.வி. இண்டெக்ஸ் என்று ஒரு எண் காட்டும். 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை, 8 முதல் 10 வரை மிக அதிகம், 11-ம் அதற்கு மேலும் உச்சம். சென்னைக் கோடையில் நண்பகல் நேரத்தில் 11-ஐத் தாண்டுவது சாதாரணம்.

தெரிந்துவிட்டது, சரி, என்ன செய்வது? வேலையை மாற்றியடுக்க வேண்டும். நாங்கள் லெவல் பார்ப்பது, மொட்டை மாடியில் அளவெடுப்பது எல்லாவற்றையும் ஒன்பதுக்குள் முடித்துவிட்டு, பில், டிராயிங், உள்வேலை ஆகியவற்றை நடுப்பகலுக்குத் தள்ளுகிறோம். வாக்கிங் போகிறவர், கிரிக்கெட் ஆடுகிற பசங்க, துணி காயப்போட மாடிக்குப் போகிறவர் எல்லோருக்கும் இது பொருந்தும். வெயிலில் நிற்கும் நேரத்தில் ஒரு மணி குறைத்தாலும் அதற்கு ஈடாக எந்த டியூபும் இல்லை.

4. நிழலை நம்புங்கள், ஆனால் முழுதாக நம்ப வேண்டாம்

குடையை வெட்கப்படாமல் பிடியுங்கள். நெருக்கமாக நெய்த கறுப்புக் குடை, மேலிருந்து நேராக வரும் புற ஊதாக் கதிரில் 90 சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடும். ஆனால் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வருவதைக் குடை தடுக்காது. காய்ந்த கடற்கரை மணல் சுமார் 15 சதவீதத்தையும், அலை நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கும். பெசன்ட் நகர் பீச்சில் குடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு எப்படிக் கன்னம் எரிந்தது என்றால், இப்படித்தான்.

கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடி ஏற்றியிருந்தால் எரிச்சல் வராது, ஏனென்றால் புற ஊதாவில் எரிக்கிற வகையான யு.வி.பி கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். யு.வி.ஏ என்ற இன்னொரு வகை மட்டும் பக்கக் கண்ணாடி வழியாகக் கணிசமாக உள்ளே வரும், கருமைக்கும் சுருக்கத்துக்கும் அதுவே போதும். வருஷக்கணக்காகக் கார் ஓட்டுகிற டிரைவர் அண்ணன் யாரிடமாவது இரண்டு முன்கைகளையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள், வலது கை தனி நிறமாக இருக்கும்.

5. துணி: சித்தாள் அக்காக்களைப் பாருங்கள்

எங்கள் சைட்டில் வெயிலுக்குச் சரியாக உடுத்துகிறவர்கள் யார் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சித்தாள் அக்காக்களைச் சொல்வேன். சேலைக்கு மேல் வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன் போட்டது. தலையில் துண்டு, அது காதை மூடிப் பின்கழுத்தில் இறங்கி, நுனி சட்டைக்குள் செருகியிருக்கும். சிமெண்ட் தூசிக்காகவும் வெயிலுக்காகவும் அவர்களே கண்டுபிடித்த சீருடை அது. அவர்கள் பக்கத்தில் இறுக்கமான டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸுமாக நிற்கும் எங்கள் ஆட்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

எந்தத் துணி நல்லது என்று பார்க்க, அதைக் கையில் விரித்து விளக்குக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் கதிரும் அந்த வழியாக வரும். மெல்லிய வெள்ளை டி-ஷர்ட்டின் பாதுகாப்பு மிகக் குறைவு, நனைந்தால் இன்னும் குறையும். வியர்வையில் தெப்பமாக நனைந்த சட்டையை மதியம் மாற்றிக்கொள்ளச் சொல்வது அதனால்தான். ஒரே தடிமனில் வெள்ளையைவிட அடர் நிறம் நன்றாகத் தடுக்கும், ஆனால் சூட்டையும் பிடிக்கும். நடுவாந்திரமான நீலமோ காக்கியோ ஒத்துவரும்.

கிரிக்கெட் கேப் வெறும் நெற்றிக்கு மட்டும்தான். காதும் பின்கழுத்தும் வெட்டவெளியில் கிடக்கும். சைட் ஹெல்மெட்டிலும் இதே கதை, அதற்குத்தான் உள்ளே துண்டு. தடித்த துண்டு வைத்தால் ஹெல்மெட் தலையில் நிற்காது, மெல்லியதாக வையுங்கள். மிக்சர் மெஷின் பக்கம் போகும்போது நுனியைச் சட்டைக்குள் செருகிவிடுங்கள், தொங்க விடவே கூடாது.

பைக்கில் போகிறவர்கள் மறப்பது புறங்கை. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும்போது அது வானத்தைப் பார்த்தபடியே இருக்கிறது. முழங்கை வரை போடும் ஸ்லீவ் வாங்குகிறவர்கள் கையுறை வாங்குவதில்லை. செருப்புப் போடுகிறவர்களுக்குப் பாதத்தின் மேற்புறம், வார் படுகிற இடம் மட்டும் வெளுத்து மீதி கருத்திருப்பதை நீங்களே பார்க்கலாம்.

6. இப்போது சன்ஸ்கிரீன்

டியூபில் மூன்று விஷயம் பாருங்கள். எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையக் கூடாது. பிராட் ஸ்பெக்ட்ரம் என்றோ பி.ஏ. பக்கத்தில் குறைந்தது மூன்று பிளஸ் குறியோ இருக்க வேண்டும், ஏனென்றால் எஸ்.பி.எஃப் எண் முக்கியமாக யு.வி.பி-க்கான கணக்கு, யு.வி.ஏ-வுக்கு இதுதான் அடையாளம். மூன்றாவது, வாட்டர் ரெசிஸ்டன்ட். அதுவும் ஒரு கால அளவுக்குத்தான், நாள் முழுக்க இல்லை.

30-க்கும் 50-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். சரியாகப் பூசினால் 30 சுமார் 97 சதவீதம் யு.வி.பி-யைத் தடுக்கும், 50 சுமார் 98. நாம் யாரும் சரியாகப் பூசுவதில்லை என்பதால் 50 வாங்குங்கள் என்பது என் கட்சி.

அளவுதான் இதில் பெரிய தப்பு நடக்கும் இடம். டியூபில் போட்டிருக்கும் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் சோதித்தது. முகம், காது, கழுத்துக்கு ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை இரண்டு கோடு பிதுக்க வேண்டும். பெரும்பாலோர் போடுவது கடலைப் பருப்பு அளவு, அப்படிப் போட்டால் 50 என்று எழுதியிருந்தாலும் அதில் கொஞ்சம்தான் கிடைக்கும். கணக்குச் சொல்கிறேன்: இரண்டு கோடு என்றால் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. தினம் இரண்டு தடவை பூசினால் 50 கிராம் டியூப் மூன்று வாரத்தில் தீர வேண்டும். உங்கள் டியூப் தீபாவளிக்கு வாங்கிப் பொங்கல் வரை வருகிறது என்றால் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்று அர்த்தம். கட்டுப்படியாகாது என்பவர்கள் கையையும் கழுத்தையும் துணிக்கு விட்டுவிட்டு முகத்துக்கு மட்டும் பூசுங்கள், ஆனால் முழு அளவு பூசுங்கள்.

பூசும் வரிசை: முகம் கழுவித் துடைத்து, மாய்ஸ்சரைசர் போடுகிறவர் அதைப் போட்டு, அது காய்ந்ததும் சன்ஸ்கிரீன், அதற்கு மேலேதான் பவுடர், மேக்கப் எல்லாம். மாய்ஸ்சரைசரையும் சன்ஸ்கிரீனையும் உள்ளங்கையில் குழைத்துச் சேர்த்துப் பூசாதீர்கள், கலந்தால் நீர்த்துப்போகும். வெளியே இறங்க 15, 20 நிமிஷம் இருக்கும்போதே பூசிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி, முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தால் அப்போதே மறுபடி. சென்னை வியர்வையில் கிரீம் கண்ணில் இறங்கிக் காந்தும், முதல் வாரத்திலேயே பலர் கைவிடுவது இதனால்தான். நான் நெற்றிக்கு மட்டும் ஸ்டிக் மாதிரி வருவதைத் தேய்த்துக்கொள்கிறேன், அது அவ்வளவாக வழிவதில்லை.

விட்டுப்போகும் இடங்கள்: காது மடல், பின்கழுத்து, தாடைக்குக் கீழே, புறங்கை, வகிடு, வழுக்கைத் தலை.

மங்கு உள்ளவர்களுக்கு நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் நல்லது, அதிலுள்ள அயர்ன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். மங்குக்கு அந்த ஒளியும் ஒரு காரணம். ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன் போட்டால் முகம் விபூதி பூசியதுபோல் வெளுத்துவிடுகிறது என்பவர்களுக்கும் இதுவே தீர்வு.

டியூபை பைக் சீட்டுக்கு அடியிலோ கார் டாஷ்போர்டிலோ போட்டுவைக்காதீர்கள். சூட்டில் கெட்டுவிடும். பிதுக்கும்போது தண்ணீரும் கிரீமும் தனித்தனியாக வந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

தேங்காய் எண்ணெய், கற்றாழை, மஞ்சள் எதுவும் சன்ஸ்கிரீன் ஆகாது. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போவது அதைவிட மோசம், சாறு பட்ட இடம் வெந்து கொப்புளமாகி மாசக்கணக்கில் கருத்துக் கிடக்கும். கருமை போக மெடிக்கலில் கேட்டு வாங்கும் கிரீமின் பெட்டியில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் சொல்லாமல் முகத்தில் போட்டால் தோல் மெலிந்து, வெயிலைத் தாங்கும் சக்தியே போய்விடும்.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் துணியும் போதும். "வைட்டமின் டி கிடைக்காமல் போய்விடுமே" என்பவர்களுக்கு: சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து, குறைவு என்றால் டாக்டர் சொல்லும் மாத்திரையைச் சாப்பிடுங்கள். அதற்காக நண்பகலில் போய் நிற்க வேண்டாம்.

7. கண்ணும் உதடும்

யு.வி. தடுக்காத கறுப்புக் கண்ணாடி போடுவதற்குப் போடாமலே இருக்கலாம். இருட்டில் கண்மணி விரிந்து கதிர் கூடுதலாக உள்ளே போகும். கீழ் உதட்டுக்கு எஸ்.பி.எஃப் உள்ள லிப் பாம் தடவுங்கள். வெயிலில் நின்றபடி பீடி, சிகரெட்டும் பிடிக்கிறவர்களுக்கு அந்த உதட்டில் ஆபத்து இரண்டு பக்கமும்.

8. எரிந்துவிட்டால்

நம் நிறத்தில் சிவப்பது சரியாகத் தெரியாது. தொட்டால் சூடு, இழுத்துப் பிடித்த மாதிரி இறுக்கம், குளிக்கும்போது எரிச்சல், இவைதான் அடையாளம். உடனே நிழலுக்கு வந்து, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி போட்டு, நிறையத் தண்ணீர் குடியுங்கள். ஐஸ் கட்டி, டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். காய்ச்சலோ வாந்தியோ தலைசுற்றலோ சேர்ந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

9. மாதம் ஒருமுறை தோலைப் பாருங்கள், காலிலிருந்து தொடங்குங்கள்

சம்பளம் வரும் நாளை வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. குளித்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில், கையில் ஒரு கண்ணாடியோடு உட்காருங்கள். முதுகுக்கு வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

முகத்தில் தொடங்காமல் ஏன் காலில் தொடங்கச் சொல்கிறேன் என்றால், தோல் புற்றுநோயிலேயே மோசமான மெலனோமா நம்மைப்போல் கருத்த தோலுள்ளவர்களுக்கு வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் அதிகம் வருகிறது. அதற்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை, எந்தக் கிரீமும் அதைத் தடுக்காது, கண்டுபிடிப்பது ஒன்றே வழி. பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டது இந்த வகைதான், 1981-ல் 36 வயதில் இறந்துபோனார்.

உள்ளங்காலில் புதிதாக வந்த கரும்புள்ளி, முள் குத்திய தழும்பு என்று நினைத்தது வளர்ந்துகொண்டே போவது, இவற்றைக் கவனியுங்கள். நகத்தில் மெல்லிய கருங்கோடுகள் பல விரல்களில் இருப்பது நம்மில் நிறையப் பேருக்கு இயல்பு. ஒரே ஒரு நகத்தில் புதிதாக வந்த கோடு, அகலமாகிக்கொண்டே போனாலோ கருமை நகத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள தோலில் இறங்கினாலோதான் கவலை.

மச்சத்தில் பார்க்க வேண்டியது: நடுவில் மடித்தால் இரு பாதியும் ஒத்துப்போகாதது, விளிம்பு கோணல்மாணலானது, ஒரே மச்சத்தில் பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், எல்லாவற்றையும்விட முக்கியமாக மாறிக்கொண்டே இருப்பது. பக்கத்தில் டேப்பை வைத்துப் போனில் படம் எடுத்துவையுங்கள். சைட்டில் இருக்கிறவன் பாக்கெட்டில் டேப் இல்லாமலா இருக்கும்? அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும், நினைவை நம்பினால் எல்லா மச்சமும் வளர்ந்த மாதிரியே தோன்றும்.

முகத்தில், குறிப்பாக மூக்கு, கண்ணோரம், காதில், பளபளப்பான சின்னக் கட்டி, பொருக்குக் கட்டி விழுந்து மறுபடி ரத்தம் கசிவது என்றால் அது பேசல் செல் என்ற தோல் புற்றுநோய் வகையாக இருக்கலாம். நமக்கு அது பெரும்பாலும் கருப்பாக வரும் என்பதால் மச்சம் என்று விட்டுவிடுவார்கள். கீழ் உதடு, பழைய தீக்காயத் தழும்பு, ஆறாத புண் இவற்றில் வருவது பெரும்பாலும் ஸ்குவாமஸ் செல் என்ற இன்னொரு தோல் புற்றுநோய் வகை.

எங்கள் கம்பி கட்டும் அண்ணன் ஒருவர் கெண்டைக்கால் தழும்பில் வந்த புண்ணை ஒன்றரை வருஷம் துணி சுற்றி வைத்திருந்தார். "பழைய புண்ணு தம்பி, வரும் போகும்." வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் கேன்சர் இல்லை, மூன்று மாத மருந்தில் ஆறியது. அவர் இன்றைக்கும் "அநியாயத்துக்கு ஒரு நாள் கூலி போச்சு" என்றுதான் சொல்கிறார். நான்கு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும் காட்டிவிடுங்கள், கூலி போனாலும் பரவாயில்லை.

10. டாக்டரிடம் போகும்போது

நேராகப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம், முதலில் தோல் டாக்டர். சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மூன்றிலும் தோல் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். தேவைப்பட்டால் அவர்களே மேற்கொண்டு அனுப்புவார்கள்.

பார்லரில் மச்சம் எடுப்பது, சுண்ணாம்பு வைப்பது, முடி கட்டி அறுப்பது எதையும் அதற்கு முன்னால் செய்யாதீர்கள். மேலே இருப்பது போய்விட்டால் பரிசோதனைக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது, அடியில் இருப்பது அப்படியே இருக்கும்.

போனில் எடுத்த படங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, எப்போது கவனித்தீர்கள் என்ற தேதி, இவற்றை எடுத்துப் போங்கள். கால், கை நகங்களைப் பார்க்க வேண்டியிருக்கும், அதனால் அந்த வாரம் நெயில் பாலிஷும் மருதாணியும் வைக்காதீர்கள், ஷூ போடாமல் செருப்பில் போங்கள்.